சின்ன ஊர், சின்ன நூதனசாலை: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போய்வரும் திருகோணமலை வாசகர்கள் இப்போது லண்டனின் பெரிய நூதனசாலைகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. கிழமைச் சந்தை கூடும் சிறு பட்டினங்களில் ஊரவர்களே நடத்தும் இரண்டு மூன்று அறை நூதனசாலைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

மகள் இருக்கும் சந்தைப்பட்டினத்தில் ஒரு வரலாற்று நூதனசாலை உண்டு. சென்ற முறை போனபோது பூட்டிக் கிடந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளில் நேரம் எழுதியிருந்தும் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த ஆண்டு போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (உப்புவெளி)

இந்த வகை நூதனசாலைகளில் சம்பளத்துக்கு இருப்பவர் ஒருவர், அதுவும் பகுதிநேரம். பல இடங்களில் அவரும் இல்லை. ஓய்வுபெற்ற ஊர்க்காரர்கள் முறை வைத்து மேசையில் இருக்கிறார்கள். அதனால் திறக்கும் நாட்கள் ஆட்களைப் பொறுத்தவை. ஈஸ்டரோடு திறந்து ஒக்டோபர் கடைசியில் மூடுவதும், கிழமைக்கு மூன்று நான்கு நாள் மட்டும் பத்து, பத்தரையிலிருந்து நாலு மணிவரை இருப்பதும் வழமை. திங்கட்கிழமை பூட்டு என்றே எண்ணித் திட்டம் போடுங்கள். ஞாயிறும் பெரும்பாலும் அப்படித்தான். சந்தை கூடும் நாளில் திறந்திருக்க வாய்ப்புக் கூட.

கூகுள் வரைபடத்தில் தெரியும் நேரத்தை நம்பிப் போவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது கோடைகால நேரமாக இருந்து, யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். நூதனசாலையின் சொந்த இணையப் பக்கத்தையோ முகநூல் பக்கத்தையோ பாருங்கள், போகிற நாள் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பும் எடுங்கள். மூடும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். உள்ளூராட்சிக் கவுன்சில்களின் பணம் குறைந்ததால் நாட்களைக் குறைத்த இடங்களும் உண்டு. போன ஆண்டு கிடைத்த துண்டுப்பிரசுரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை.

கட்டிடத்தையும் விசாரியுங்கள். பழைய நகர மண்டபம், சிறைக்கூடம், தானியச் சந்தை, பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்றில்தான் இவை இருக்கும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டிடங்கள் ஆகையால் மின்தூக்கி போட அனுமதி எளிதில் கிடைக்காது. மாடிப்படி ஒடுக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டால், சில இடங்களில் மேல்மாடிப் பொருட்களின் படத்தொகுப்பு ஒன்றை எடுத்துத் தருவார்கள். கழிவறை இல்லாத இடங்களும் இருக்கின்றன. பக்கத்து நூலகத்தில் வேலையை முடித்துக்கொண்டு வருவது நல்லது.

நுழைவு பெரும்பாலும் இலவசம், வாசலில் உண்டியல் இருக்கும். ஆளுக்கு இரண்டு மூன்று பவுண் போட்டால் மரியாதை. அப்போது ‘கிஃப்ட் எய்ட்’ என்று ஒரு சிறு படிவம் நீட்டுவார்கள். அங்கே வருமான வரி கட்டுபவர் கையெழுத்திட்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பென்ஸ் நூதனசாலைக்குப் போகும். மகள் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அவர் கையெழுத்திடட்டும். இலங்கையிலிருந்து போன நீங்கள் கையெழுத்திடக் கூடாது.

உள்ளே பழைய இரும்பும் உடைந்த சட்டியும்தானே? எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலும் அவை கிடக்கின்றன. அதில் என்ன பார்ப்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்)

முதலில் அளவைப் பெட்டியைத் தேடுங்கள். சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர், தராசும் படியும் சரியா என்று பார்க்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றது. அதற்கென்று ஊர் பாதுகாத்த வெண்கல மூலப்படிகள் பல நூதனசாலைகளில் இருக்கின்றன. விளிம்பில் அரச முத்திரையும் ஆண்டும் பொறித்திருக்கும். ஆண்டைப் படியுங்கள். புசல் என்பது தானியம் அளக்கும் பெரிய படி. 1826-க்கு முந்தியது என்றால் வின்செஸ்டர் புசல், ஏறத்தாழ 35.2 லீற்றர். பிந்தியது என்றால் நாடு முழுவதற்கும் ஒரே அளவாகக் கொண்டுவந்த இம்பீரியல் புசல், 8 கலன், 36.4 லீற்றர். நூறு புசல் கோதுமை விற்பவனுக்கு இந்த வித்தியாசம் மூன்று புசலுக்கு மேல்.

பக்கத்தில் ஒரு உருண்டைத் தடி கிடந்தால் அது படியின் தலையை வழிக்கிற கோல். தலை வழித்து அளப்பதா, கும்பமாகக் குவித்து அளப்பதா என்பதில் அங்கேயும் ஓயாத சண்டை. குவித்து அளப்பதை 1835-இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். மரைக்காலும் கொத்தும் புழங்கிய தம்பலகாமத்து வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் பின்பக்கத்தில் மரைக்கால் ஒன்று கிடந்தால் அதன் வாய்க்கட்டில் முத்திரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது செம்புக் காசுகள். 1649 தொடங்கி 1672 வரை சில்லறைத் தட்டுப்பாட்டால் கடைக்காரர்கள் தாங்களே அரைப்பென்னி, கால்பென்னி அடித்து வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கடைக்காரரின் பெயர், மறுபக்கம் ஊரும் தொழிலின் அடையாளமும். மெழுகுதிரி வார்ப்பவர், துணிக்காரர், சத்திரக்காரர் என்று அந்த ஊரின் பதினேழாம் நூற்றாண்டுக் கடைத்தெருவே அந்தச் சிறு தட்டில் இருக்கும். விரல் நகத்தளவான இவற்றுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சுவரில் சூரியன், கை, பறவை என்று உருவம் போட்ட ஈயத்தகடு இருந்தால் அது தீக் காப்புறுதித் தகடு. சூரிய உருவம் 1710-இல் தொடங்கிய சன் காப்புறுதி நிறுவனத்துடையது. பழைய ஈயத்தகடுகளில் காப்புறுதி இலக்கம் அடித்திருக்கும். அந்த இலக்கத்தை வைத்து வீட்டின் சொந்தக்காரரையும் ஆண்டையும் பதிவேட்டில் கண்டுபிடிக்கலாம். பின்னால் வந்த செம்பு, தகரத் தகடுகளில் இலக்கம் இல்லை, வெறும் விளம்பரம்தான்.

உலகப் போர் மூலையில் பங்கீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருப்பார்கள். 1940 யூலையிலிருந்து ஆளுக்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ் தேயிலை, அதாவது 57 கிராம். 1952 வரை தேயிலைக்குக் கட்டுப்பாடு இருந்தது. கப்பல் வராவிட்டால் தேநீர் இல்லை என்பதும், அந்தக் கப்பல்களில் ஒரு பங்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். மேசையில் இருக்கும் பெரியவருக்குத் தெரிந்திருக்காது. சொல்லுங்கள், கேட்பார்கள்.

என் பாட்டனார் திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் ஆங்கிலேயர் காலத்தில் வேலை செய்தவர். அங்கிருந்த மாலுமிகளின் படத்தொகுப்புகள் இங்கிலாந்தின் சின்ன ஊர் நூதனசாலைகளில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எப்படித் தேடுவது? (சீனக்குடா)

நீங்கள் கேள்விப்பட்டது சரி. பிரித்தானிய அரச கடற்படை இங்கிருந்து 1957-இல் தளத்தைக் கையளித்துப் போனது. அதற்கு முன் ஆயிரக்கணக்கானோர் இங்கே ஒன்றிரண்டு ஆண்டு கழித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் இறந்தபின் பெட்டியைத் திறந்த பிள்ளைகள் படங்களை ஊர் நூதனசாலையில் கொடுத்தார்கள். சிக்கல் எங்கே என்றால், ஏற்றுக்கொண்ட தொண்டர் பதிவேட்டில் ‘படத்தொகுப்பு, கடற்படை, 1940கள்’ என்று எழுதி முடித்திருப்பார். திருகோணமலை என்ற பெயரே வராது.

ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தப்பிப்போகும். சேவைப் பதிவில் ஒரு மாலுமி இங்கே இருந்ததை ‘எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர்’ என்று எழுதினார்கள். அது கடலில் ஓடிய கப்பலின் பெயராகத் தோன்றும், ஆனால் திருகோணமலையில் கரையிலிருந்த தளத்தின் பெயர். சீனக்குடா கடற்படை விமானத்தளம் ‘எச்.எம்.எஸ். பம்பாரா’. விமானப்படைக்காரர் பதிவுகளில் சைனா பே. இந்த மூன்றோடு, கிழக்கிந்தியத் தளம், கிழக்குக் கடற்படைத் தொகுதி, சிலோன், ‘ட்ரிங்கோ’ என்ற செல்லப்பெயர், ஊர்ப்பெயரின் பழைய எழுத்துக்கூட்டல்கள் இரண்டு மூன்று ஆகியவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

தேட வேண்டிய முதல் இடம் பிரித்தானிய தேசிய சுவடிக்கூடத்தின் ‘டிஸ்கவரி’ என்ற இணையப் பட்டியல். நாடெங்கும் உள்ள 2,500-க்கு மேற்பட்ட சுவடிக்கூடங்களின் விவரங்கள் அதில் உண்டு. ஆனால் ஊர் நூதனசாலையின் படத்தொகுப்பு அதில் ஏறியிருக்கும் என்று உறுதியில்லை. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. 1941 ஒக்டோபர் தொடக்கம் 1942 மார்ச் வரை ‘போர்க்கப்பல் கிழமை’ என்று ஊர் ஊராகச் சேமிப்புப் பணம் திரட்டி, ஒவ்வோர் ஊரும் ஒரு கப்பலைத் தத்தெடுத்தது. கப்பலின் இலச்சினை பொறித்த மரப்பலகை ஊருக்கு வந்தது. அந்தப் பலகைகளில் பல இப்போது இந்த நூதனசாலைகளின் மாடிப்படிச் சுவரில் தொங்குகின்றன. பலகையில் உள்ள கப்பலின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது கிழக்குக் கடற்படைத் தொகுதியில் இருந்ததா என்று பாருங்கள். அந்தத் தொகுதி 1944 சனவரியில் திருகோணமலைக்குத் திரும்பியது. கப்பல் அதில் இருந்திருந்தால், மாலுமிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அந்த ஊரில் இருக்க வாய்ப்புண்டு.

மின்னஞ்சல் எழுதும்போது ‘திருகோணமலை பற்றி ஏதும் இருக்கிறதா’ என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். பாட்டனாரின் வேலை, அண்ணளவான ஆண்டுகள், மேலே சொன்ன தளப் பெயர்கள், நீங்கள் அங்கே நிற்கப்போகும் திகதிகள், நேரில் பார்க்க முடியுமா என்ற கேள்வி, இவ்வளவும் பத்து வரிக்குள் இருக்கட்டும். சேகரிப்புக்குப் பொறுப்பானவர் கிழமைக்கு ஒரு நாள் வருபவராக இருப்பார். பதில் வர மூன்று நான்கு கிழமை ஆகலாம், ஆகையால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். காட்சிக்கு வைத்திருப்பது கையிருப்பில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் களஞ்சியத்தில், சிலவேளை வேறு கட்டிடத்தில் இருக்கும். சொல்லாமல் போய்க் கேட்டால் எடுத்துத்தர ஆள் இராது.

போகும் நாளில் பென்சில் கொண்டுபோங்கள், பேனா அனுமதியில்லை. கடிதங்களுக்குக் கழுவி உலர்ந்த வெறுங்கை போதும், ஏன், கையுறையை விட அதுவே நல்லது, தாள் கிழியாது. படங்களுக்கு மட்டும் கையுறை தருவார்கள், விரலின் எண்ணெய் படத்தில் பதியும் என்பதால். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் பார்க்கக் கேளுங்கள். இடமும் திகதியும் அங்கேதான் எழுதியிருக்கும்.

பாட்டனாரின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். உள்ளூர்த் தொழிலாளரின் பெயரை எழுதிய மாலுமிகள் அருமை, ‘பட்டறை ஆட்கள்’ என்றே இருக்கும். ஆனால் பட்டறை, சோபர் தீவு, ஒஸ்டன்பேர்க் முனை, கோணேசர் மலை என்று இடங்களை அடையாளம் காட்ட உங்களால் முடியும், அவர்களால் முடியாது. வீட்டில் பாட்டனாரின் படம் இருந்தால் பிரதி ஒன்றும் கொண்டுபோங்கள். நீங்கள் சொல்வதைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வார்கள், அடுத்து தேடுபவருக்குத் திருகோணமலை என்ற பெயர் கிடைக்கும்.

உள்ளே படம் எடுக்கலாமா? (நிலாவெளி)

பெரும்பாலும் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ‘இரவல்’ என்று குறித்த பொருட்களை எடுக்கக் கூடாது, அவை வேறொருவருடையவை. குடும்பத்தோடு வைத்துக்கொள்ளும் படத்துக்கு அனுமதி வேண்டாம். புத்தகத்திலோ சஞ்சிகையிலோ போடுவதென்றால் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், கட்டணமும் இருக்கலாம். கண்ணாடிப் பேழைக்கு நேரே நின்றால் உங்கள் சட்டைதான் படத்தில் விழும். சற்றுச் சரிந்து நின்று, கமராவைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பொருளுக்குப் பக்கத்திலுள்ள இலக்கத்தையும் சேர்த்து எடுத்தால் பிறகு எழுதிக் கேட்க வசதி.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர, திருகோணமலையோடு ஏதாவது தொடர்புள்ள சந்தைப்பட்டினம் சொல்வீர்களா? (திருகோணமலை நகரம்)

ஹாம்ப்ஷயரில் உள்ள ஓல்ற்றன். தொடர்பு இங்கேயே, எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் சவக்காலையில் இருக்கிறது. கிழக்கிந்திய, சீனத் தளத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ரியர் அட்மிரல் சாள்ஸ் ஒஸ்ரின் 1852 ஒக்டோபர் 7-ஆம் திகதி பர்மாவின் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தார். அவரை அடக்கம் செய்தது இங்கேதான். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி அவர். ஜேன் 1809 தொடக்கம் 1817 வரை இருந்த வீடு, ஓல்ற்றனுக்கு ஒரு மைல் அளவில் உள்ள சோட்டன் கிராமத்தில் இன்று நூதனசாலை. இளம் கடற்படை அதிகாரியாக இருந்தபோது சாள்ஸ் பரிசுப் பணத்தில் தமக்கைமார் இருவருக்கும் 1801-இல் வாங்கிக் கொடுத்த புஷ்பராகச் சிலுவைகள் இரண்டும் அந்த வீட்டுச் சேகரிப்பில் இருக்கின்றன. போவதற்கு முன் கல்லறையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஓல்ற்றனுக்கு நேர்ப் புகையிரதம் உண்டு, ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் எடுக்கும். வேலைநாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டால் கட்டணம் குறைவு. பெரியவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால் ‘குரூப்சேவ்’ என்று கேட்டு வாங்குங்கள், மூன்றில் ஒரு பங்கு கழியும். அறுபது வயது கடந்தவர் கடவுச்சீட்டைக் காட்டி முதியோர் புகையிரத அட்டை வாங்கலாம். அதற்கும் அதே கழிவு, ஆனால் ஆண்டுச் சந்தா கட்டவேண்டும் என்பதால் ஒரே ஒரு பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஊரின் உள்ளூர் நூதனசாலை ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் கேர்ட்டிஸ் நூதனசாலை. 1850களில் வில்லியம் கேர்ட்டிஸ் என்ற ஊர் மருத்துவர் தொடக்கிவைத்த சேகரிப்பு. அதில் பேர்பெற்ற பொருள் ‘ஓல்ற்றன் பக்கிள்’ என்ற ஆங்கிலோ-சாக்சன் இடைப்பட்டிக் கொளுக்கி. வெள்ளியில் பொன்முலாம் பூசி, கார்னெட் என்ற சிவப்புக் கல் பதித்தது. ஊருக்குள்ளேயே ஒரு பழைய இடுகாட்டை அகழ்ந்தபோது வெளிவந்தது. பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் என்ற கொடியின் செய்கையும் மதுவடிப்பும் அந்த ஊரின் பிழைப்பு, அவற்றுக்கும் இடம் உண்டு. அங்கிருந்து சில நிமிட நடையில் புனித லோரன்ஸ் தேவாலயம். 1643 டிசம்பர் 13-ஆம் திகதி உள்நாட்டுப் போரில் அரசர் பக்கத்துப் படை அதற்குள் புகுந்து கடைசிவரை சண்டையிட்டது. தெற்குக் கதவில் குண்டுத் துளைகளை இன்றும் விரல் வைத்துப் பார்க்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: இறங்கியவுடன் முதலில் சோட்டன், அது கட்டணம் உள்ள இடம், நேரம் பதிவுசெய்து போவது நல்லது. நிலையத்திலிருந்து நடந்தால் முக்கால் மணித்தியாலத்துக்குள், இல்லாவிட்டால் பஸ் அல்லது வாடகைக் கார். மதியம் ஓல்ற்றனுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, தேவாலயமும் கேர்ட்டிஸும். மாறிச் செய்தால் சோட்டனில் கடைசி நுழைவைத் தவறவிடுவீர்கள். இரண்டும் திறந்திருக்கும் நாளா என்று முதலில் பாருங்கள், கிழமையில் எல்லா நாளும் பொருந்தாது.

எங்கள் வளவில் வீடு கட்டத் தோண்டியபோது ஒல்லாந்தர் காலத்துச் செம்புத் துட்டுகள் சில கிடைத்தன. இங்கிலாந்தில் மகன் இருக்கும் ஊர் நூதனசாலைக்கு இரண்டை அன்பளிப்பாகக் கொண்டுபோகலாமா? (மூதூர்)

கூடாது. இலங்கைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முந்தியதென்று நம்பத்தக்க பொருள் அதன்படி தொல்பொருள். திருகோணமலை ஆங்கிலேயர் கைக்குப் போனது 1795-இல். ஒல்லாந்தர் அடித்த எந்தத் துட்டும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம், பெட்டியில் ஒன்று இருந்தாலும் பத்து இருந்தாலும் அதேதான்.

மறுபக்கமும் கதவு அடைபட்டிருக்கும். ஒழுங்காக நடக்கும் ஆங்கில நூதனசாலை எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று எழுதிய கொள்கை ஒன்றை வைத்திருக்கும். ஓர் ஊரின் வரலாற்று நூதனசாலை அந்த ஊரோடும் சுற்றுவட்டத்தோடும் தொடர்பில்லாத பொருளை வாங்காது. ஏற்றுமதி அனுமதி இல்லாததைத் தொடவே மாட்டாது.

செய்ய வேண்டியது வேறு. துட்டுகளைக் கழுவாதீர்கள், புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கவே துலக்காதீர்கள். மேலே படிந்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். ஒவ்வொன்றையும் தனித் தாளுறையில் போட்டு, வளவில் எந்த மூலையில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று பென்சிலால் எழுதிவைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காசை விட அது கிடந்த இடம்தான் அவர்களுக்குப் பெறுமதி.

பாடசாலையில் இரண்டு அலுமாரியில் ஊர் வரலாற்றுக் கூடம் ஒன்று தொடங்க விருப்பம். ஆங்கிலச் சிறு நூதனசாலைகளின் முறையில் எதை இங்கே எடுத்துக்கொள்ளலாம், எது ஒத்துவராது? (ஆசிரியை, சாம்பல்தீவு)

எடுத்துக்கொள்ள வேண்டியது பதிவேடு. அலுமாரியை விட முக்கியம் அது. தைத்த, தடித்த அட்டைக் கொப்பி ஒன்று, பக்க இலக்கம் போட்டு. ஒற்றைத் தாள்களைக் கோவையில் போடாதீர்கள், ஒன்று கழன்றால் பொருளும் அநாதை. பொருளுக்கு இலக்கம் ஆண்டு, வரவு, உருப்படி என்ற ஒழுங்கில் வரட்டும். 2025-இல் ஏழாவதாக வந்தவர் கொடுத்த மூன்று பொருட்களில் இரண்டாவது: 2025.7.2. ஒரு பொருள் போய்விட்டாலும் அந்த இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பக்கப் படிவம் எழுதுங்கள். தருபவர் பெயர், பொருள் யாருடையது, எங்கே புழங்கியது, முக்கியமாக அன்பளிப்பா இரவலா, கையெழுத்து. இந்த ஒன்றை எழுதாமல் விட்டுத்தான் இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை வந்து ‘அது எங்கள் பாட்டியுடையது, தாருங்கள்’ என்று நிற்பார். அங்கேயும் இந்தத் தலையிடி நிறையவே உண்டு. இரவலைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இலக்கத்தைப் பொருளில் குறிக்கும் முறை பொருளைப் பொறுத்தது. தாள், படம் என்றால் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் மெல்ல. துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல். சட்டி, மரம், உலோகம் என்றால் பருத்தி நூலில் அட்டை கட்டுங்கள். ஒட்டுத்தாள், செலோரேப், றப்பர் வளையம், ஸ்டேப்ளர் கம்பி ஒன்றும் வேண்டாம். நம் வெக்கையில் பசை உருகித் தாளுக்குள் இறங்கும், றப்பர் ஒட்டிக்கொள்ளும், கம்பி துருப்பிடித்துத் துளையிடும்.

ஒத்துவராதது அவர்கள் கட்டிடத்தைச் சூடாக்கியும் குளிராக்கியும் ஈரப்பதத்தைப் பிடித்துவைக்கும் முறை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சாம்பல்தீவில் மாரி மாதங்களில் அதற்குக் கீழே இறங்கும் நாளைத் தேடவேண்டும். அதனால் காற்றோட்டத்தை நம்புங்கள். இரும்பு அலுமாரி நல்லது, கறையான் வராது. கால்களைச் செங்கல்லில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதுவும் மழை அடிக்காத உட்சுவர்ப் பக்கம். ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்து, கிழமைக்கொரு முறை மாணவர் குறிக்கட்டும். வெயில் நாளில் கதவைத் திறந்துவிடுங்கள், மழை நாளில் பூட்டிவையுங்கள். சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உப்புக்காற்றில் இரும்பு தாங்காது. துருவை மென்தூரிகையால் தட்டிவிட்டு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். செம்மஞ்சள் மணிகளை வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். 120 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

இராமபாணப் பூச்சியோ வண்டோ விழுந்த துணி, புத்தகத்துக்கு நப்தலின் உருண்டை போடாதீர்கள். பொலித்தீனில் சுற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, சைபருக்குக் கீழ் 18 பாகையில் இயங்கும் ஆழ்உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்தபின் ஒரு முழு நாள் பொதியைப் பிரிக்காமல் வெளியே விடுங்கள். உடனே பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பொருளில் வேர்த்து நனைத்துவிடும். பூச்சி போன இடத்துக்குப் பூஞ்சணம் வரும். படத்தகடு, கண்ணாடி, பூச்சுப் பூசிய மரம் ஆகியவற்றை உறையவைக்கக் கூடாது.

வெளிச்சத்துக்கு அங்கே துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் என்பது வரம்பு. நம் வகுப்பறை சன்னலோரத்தில் அதைப் போலப் பல மடங்கு விழும். ஆகவே கடிதங்கள், படங்களின் பிரதியைச் சுவரில் மாட்டுங்கள், மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும். ஓலைச்சுவடி யாராவது தந்தால் அலுமாரியில் போடாமல் சுவடிப் பராமரிப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அதன் வைத்தியம் வேறு. டச்சுக் காலக் கட்டிடத்தில் இயங்கும் திருகோணமலை கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலைக்கு மாணவரோடு ஒருமுறை போய், பொருட்களை மட்டும் பார்க்காமல் விவரச்சீட்டு எத்தனை வரி, எந்த உயரத்தில் என்றும் பார்த்து வாருங்கள்.

எட்டு, பத்து வயதுப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனால் சலித்துப்போகுமா? (பாலையூற்று)

முக்கால் மணித்தியாலம் தாங்கும். மேசையில் கேட்டால் பிள்ளைகளுக்கான தேடல்தாள் ஒன்றும் பென்சிலும் தருவார்கள். தொட்டுப் பார்க்கும் பெட்டியும் பல இடங்களில் உண்டு, வெளியே தெரியாமல் மேசைக்குக் கீழே இருக்கும். சந்தை நாளென்றால் முதலில் நூதனசாலை, பிறகு சந்தை. மாற்றினால் கையில் வாங்கின இனிப்போடு உள்ளே விடமாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரில் கப்பல் ஒன்று அங்கே இருக்கிறதாமே? (திருக்கடலூர்)

இருக்கிறது. எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி, பம்பாயில் தேக்குமரத்தில் கட்டி 1817 ஒக்டோபர் 12-ஆம் திகதி வெள்ளோட்டம் விட்டது. இப்போது வடகிழக்கு இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறைமுகத்தில், அரச கடற்படையின் தேசிய நூதனசாலையில் நிற்கிறது. பிரித்தானியாவில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் ஆகப் பழையது அதுதான். இது சந்தைப்பட்டினமும் இல்லை, இலவசமும் இல்லை. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது அலைச்சல், நியூகாசில் பக்கம் உறவினர் இருந்தால் அங்கிருந்து போங்கள். கீழ்த்தட்டில் கூரை தலையில் இடிக்கும் உயரம், ஏணிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கவேண்டும், சேலையை விடச் சல்வார் வசதி.